முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு: டயர் மாற்றிய பிறகு வரும் தொல்லைகளைக் கண்டுபிடிக்கும் வழி

காரின் முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு அளவு டயர் போடுவது தப்பான வேலை இல்லை. தயாரிப்பாளர்களே அப்படிப் போட்டு விற்றிருக்கிறார்கள். 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000 காரில் முன்னால் 205/55 ஆர்16, பின்னால் 225/50 ஆர்16. போர்ஷ 911-இல் எஞ்சினும் எடையும் பின்னால் இருப்பதால் பல பத்தாண்டுகளாகப் பின் டயர்தான் அகலம். கணக்குப் போடாமல் அகலத்தை மட்டும் பார்த்து நாமாக மாற்றும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. மாற்றிய அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும், அல்லது ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது எங்கேயோ உரசும்.

உங்கள் காரில் எந்த அறிகுறி இருந்தாலும் முதலில் பேனாவும் தாளும் எடுங்கள்.

205/55 ஆர்16 என்பதில் 205 அகலம், மில்லிமீட்டரில். 55 மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். அகலத்தில் 55 சதவீதம்தான் பக்கச்சுவரின் உயரம், அதாவது 112.75 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பக்கச்சுவர், மொத்தம் 225.5. ரிம் 16 அங்குலம், அதாவது 406.4 மி.மீ. இரண்டையும் கூட்டினால் டயரின் விட்டம் 631.9 மி.மீ. இதே கணக்கில் 225/50 ஆர்16 எவ்வளவு என்று பாருங்கள்: 631.4. அகலம் 20 மி.மீ. கூடியும் விட்டத்தில் அரை மி.மீ.தான் வித்தியாசம். எஸ்2000-க்கு அந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இப்போது பின்னால் 225/55 ஆர்16 போட்டுப் பாருங்கள். '55 அதேதானே, அகலம் மட்டும்தானே கூடுகிறது' என்று தோன்றும். விட்டம் 653.9 ஆகிவிடும். முன் டயரைவிட 22 மி.மீ. பெரிசு, 3.5 சதவீதம். நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறு இதுதான். அகலம் வேறுபடலாம், உருளும் சுற்றளவு, அதாவது ஒரு முழுச் சுற்றில் டயர் கடக்கும் தூரம், வேறுபடக் கூடாது. கீழே வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் போய் முடியும்.

தாளில் கணக்கு சரியாக வந்தாலும் சாக்பீஸ் சோதனையை விடாதீர்கள். டயரில் அச்சிட்டிருப்பது பெயரளவு எண்தான். ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி டயர்கள் நிஜத்தில் கொஞ்சம் வேறுபடும். கார் ஆறியிருக்கும்போது காற்றைச் சரியாக வையுங்கள். சமதளமான தரையில் நிறுத்தி, ஒரே பக்கத்து முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் கோடு போட்டு, தரையிலும் கோடு போடுங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்க, ஒருவர் உள்ளே பிரேக்குக்குத் தயாராக உட்கார, மற்றவர்கள் மெதுவாகத் தள்ள வேண்டும். சக்கரம் ஐந்து சுற்று முடித்ததும் தரையில் மறுபடி குறித்து, தூரத்தை நாடாவால் அளந்து ஐந்தால் வகுங்கள். 205/55 ஆர்16-க்கு விட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் 1985 மி.மீ. வரும், தரையில் அளந்தால் 1930-ஐ ஒட்டித்தான் வரும். எடையில் டயர் அடியில் அமுங்குகிறது, அதனால் அப்படி. பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்.

இந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டிக் கொடுக்கும். பட்டன் என்று நாம் சொல்லும் திரெட் புது டயரில் 8 மி.மீ. ஆழம் இருக்கும். பழைய முன் டயரில் 3 மி.மீ. மிச்சம் என்றால், ஆரத்தில் 5, விட்டத்தில் 10 மி.மீ. குறைந்துவிட்டது. அதாவது 1.6 சதவீதம். அளவு சரியாக வாங்கியும் தொல்லை வருகிறதே என்று குழம்புபவர்கள் பலர் இங்கேதான் மாட்டியிருப்பார்கள். பின்னால் புதுசு, முன்னால் தேய்ந்தது.

இரு சக்கர இயக்கக் காரில் வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் இருந்தால் நான் மேலே தேட மாட்டேன். 2-ஐத் தாண்டினால் வேறு எதையும் சந்தேகிக்கும் முன் டயரைத்தான் சந்தேகிப்பேன். நான்கு சக்கர இயக்கத்துக்கு இந்த அளவு பொருந்தாது, அது கீழே வருகிறது.

டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது

எந்த விளக்கு என்று முதலில் பாருங்கள். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏற்பாடு) விளக்கா, கார் சறுக்குவது போன்ற படமா, குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட காற்றழுத்த விளக்கா? மூன்றுக்கும் வழி வேறு.

காற்றழுத்த விளக்கு மட்டும் என்றால் உங்கள் காரில் எந்த வகை என்று தெரிய வேண்டும். ஒரு வகையில் ஒவ்வொரு வால்விலும் சென்சார் இருக்கும். புது ரிம் வாங்கியபோது சென்சாரை மாற்றிப் போட மறந்திருந்தால் விளக்கு ஒரு நிமிடம் போல விட்டு விட்டு எரிந்து, பிறகு நின்று எரியும். காற்று குறைவு என்றால் இப்படி மின்னாமல் நேரே எரியும். இன்னொரு வகையில் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த டயரின் உருளும் சுற்றளவு கொஞ்சம் சிறிசாகும், அதனால் அந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் கணினி அதை வைத்துக் கண்டுபிடிக்கிறது. இந்த வகைக் காரில் டயர் மாற்றியதும் காற்றைச் சரிசெய்து, பழைய கணக்கை அழித்துப் புதிதாகக் கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். பொத்தானோ மெனுவோ எங்கே என்று கையேட்டில் இருக்கும். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டினால் சரியாகிவிடும்.

ஏபிஎஸ் விளக்கோ சறுக்கல் விளக்கோ எரிந்தால் ஸ்கேனர், அதாவது காரின் கணினியில் இருப்பதைப் படிக்கும் கருவி, வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. கணினி நான்கையும் ஒப்பிடுகிறது. பின் டயர் பெரிசானால் பின் சக்கரம் மெதுவாகச் சுற்றும். கணினிக்கு அது முன் சக்கரம் வழுக்கிச் சுழல்வதுபோலத் தெரியும். முன் சக்கர இயக்கக் காரில் வேகம் எடுக்கும்போது காரணமே இல்லாமல் எஞ்சின் இழுவை அமுங்குகிறது என்றால் இதுதான் நடக்கிறது. சின்ன வித்தியாசத்தைக் கணினி பழகிக்கொள்ளும். அதற்கும் ஒரு எல்லை உண்டு.

ஸ்கேனரை மாட்டி, நேரான சாலையில், பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, 50 கி.மீ. வேகத்தில் நிதானமாக ஓட்டி நான்கு சக்கர வேகத்தையும் படியுங்கள். 225/55 போட்டுக்கொண்டு வந்த ஒரு காரில் நான் பார்த்தது: முன்னால் 50, 50. பின்னால் 48.3, 48.3. பின் இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், டயர் அளவுதான் காரணம். 50-ஐ 48.3-ஆல் வகுத்தால் அதே 3.5 சதவீதம் வந்து நிற்கும். மூன்று ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் விலகினால் அந்தச் சக்கரத்தின் காற்றைப் பாருங்கள். ஒன்று மட்டும் பூஜ்ஜியம் காட்டினால் டயரை விட்டுவிடுங்கள். வீலைக் கழற்றி மாட்டும்போது சென்சார் ஒயர் இழுபட்டிருக்கும்.

விளக்கை அணைக்க ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவசரமாகப் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏற்பாட்டையே அணைக்கிறீர்கள்.

நான்கு சக்கர இயக்கக் காரில் வெட்டி இழுக்கிறது, சூட்டு வாடை வருகிறது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். மற்ற தொல்லைகள் டயரோடு போகும், இது கியர் பகுதியையே தின்றுவிடும்.

முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டால் இரண்டும் ஒரே எண்ணிக்கைதான் சுற்றும். சுற்றளவு 3.5 சதவீதம் வேறுபட்டால், ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஒரு ஜோடி டயர் மற்றதைவிட 35 மீட்டர் அதிகமாகப் போகப் பார்க்கும். அந்த 35 மீட்டரும் எங்கேயாவது வழுக்கித்தான் தீர வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் வழுக்கிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல், எஞ்சின் இழுவையை இரண்டு அச்சுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஷாஃப்டும் முறுக்கிக்கொள்ளும். நான்கு சக்கரத்திலிருந்து இரண்டு சக்கரத்துக்கு மாற்றும் லீவர் வர மறுக்கும். தானாக இயங்கும் வகைகளில் நடுவில் இருக்கும் கிளட்ச் தட்டுகள் நாள் முழுக்க வழுக்கிச் சூடேறி, ஆயில் கருகும்.

லீவர் போட்டு மாற்றும் வகையில், காய்ந்த சாலையில் நான்கு சக்கரத்தைப் போட்டுக்கொண்டு வளைந்தால் டயர் சரியாக இருந்தாலும் வெட்டி இழுக்கும். அது அந்த அமைப்பின் இயல்பு. அதனால் வளைவில் சோதிக்காதீர்கள். நான்கு சக்கரத்தில் போட்டுக் கொஞ்ச தூரம் நேராகவே ஓட்டி நிறுத்தி, லீவரை இரண்டுக்கு மாற்றுங்கள். நேராக ஓட்டிய பிறகும் லீவர் பிடித்துக்கொண்டால் டயர்தான் காரணம். தானாக இயங்கும் காரில், நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்து மெதுவாக ஊர்ந்து பாருங்கள். அடியில் தடதடவென்று அதிர்ந்தால் நடு கிளட்ச் திணறுகிறது.

தீர்வு ஒன்றுதான். நான்கு டயரின் சுற்றளவையும் ஒன்றாக்க வேண்டும். இந்தக் கார்களுக்குத் தயாரிப்பாளர் கையேட்டில் கொடுக்கும் எல்லை மிகக் குறுகலாக இருக்கும். பட்டன் தேய்மானத்தைக்கூடக் கணக்கில் எடுக்கச் சொல்வார்கள். அதனால் மாற்றும்போது நான்கையும் சேர்த்து மாற்றுவதே உத்தமம். கொஞ்ச நாள் தப்பான அளவில் ஓடியிருந்தால் நடு கிளட்ச், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரென்ஷியல் (இடம் வலம் சக்கரங்களை வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) ஆயிலை இறக்கிப் பாருங்கள். கறுத்து, கருகிய வாடை வந்தால் மாற்றிவிடுங்கள்.

எங்கேயோ உரசுகிறது

எப்போது உரசுகிறது என்பதைக் கவனித்தால் எங்கே என்று தெரிந்துவிடும்.

நேராக ஓடும்போதே விடாமல் உரசினால் அகலமான டயரின் உள்பக்கச் சுவர் ஸ்ட்ரட்டையோ (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் தூண்) ஸ்பிரிங்கையோ தொடுகிறது. வண்டியை எடுக்காதீர்கள். பக்கச்சுவர் சுற்றிலும் வட்டமாகத் தேய்ந்து, மெலிந்து, ஓடும்போது வெடிக்கும். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். விரல் போகாத இடத்தில் டயர் ஓட முடியாது.

முழுசாக ஒடிக்கும்போது மட்டும் என்றால் முன் வீல் ஆர்ச்சின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பாருங்கள். உரசிய இடம் கறுப்பாகப் பளபளக்கும். அந்த உறையின் கிளிப் ஒன்று கழன்று தொங்கினாலும் இதே சத்தம்தான், டயரைக் குறை சொல்லும் முன் கிளிப்பை அழுத்திப் பாருங்கள்.

நான்கு பேர் ஏறினால் மட்டும், அல்லது வேகத்தடையில் இறங்கும்போது மட்டும் என்றால் பின் வீல் ஆர்ச்சின் மடிப்பு. அங்கே பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டையாக ஒட்டிவிட்டு, ஆள் ஏற்றி ஒரு சுற்று வாருங்கள். உருண்டை நசுங்கியிருந்தால் தெரிந்துவிடும், எத்தனை மி.மீ. போதவில்லை என்றும் தெரியும்.

ரிம்மும் சேர்ந்து மாறியிருந்தால் ஆஃப்செட் கணக்கு அவசியம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, காரில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். பழைய ரிம் 7 அங்குலம், ஆஃப்செட் 45. புதுசு 8 அங்குலம், ஆஃப்செட் 35. அகலத்தில் பாதி 88.9-இலிருந்து 101.6 ஆகிறது. உள்பக்கம் பாதி அகலத்தோடு ஆஃப்செட்டைக் கூட்டுங்கள்: 133.9 இருந்தது, 136.6 ஆகிறது. 2.7 மி.மீ. உள்ளே. வெளிப்பக்கம் கழியுங்கள்: 43.9 இருந்தது, 66.6 ஆகிறது. 22.7 மி.மீ. வெளியே. ஒரு அங்குலம் கூடியது கிட்டத்தட்ட முழுவதும் வெளிப்பக்கமே போய்விட்டது. உள்ளே உரசாது, வெளியே மடிப்பில் மாட்டும். வாங்கும் முன் இந்த நான்கு எண்ணையும் எழுதிப் பார்த்தால் கடையில் ரிம்மைத் திருப்பிக் கொடுக்கும் வேலை மிச்சம்.

வளைவில் கார் சொன்னபடி திரும்பவில்லை

பின்னால் அகலம் கூட்டினால் பின்பக்கப் பிடிமானம் கூடும், முன்பக்கம் பழையபடியே இருக்கும். வளைவில் வேகமாகப் போனால் மூக்கு வெளியே ஓடப் பார்க்கும். பின் சக்கர இயக்கக் காருக்கு இது பாதுகாப்பான பக்கம். அதனால்தான் தயாரிப்பாளர்கள் இப்படிச் செய்கிறார்கள். முன் சக்கர இயக்கக் காரில் ஏற்கெனவே மூக்கு பாரம், அங்கே பின்னால் அகலம் கூட்டுவதில் அழகு தவிர ஒன்றும் கிடைக்காது என்பது என் கருத்து.

எதிர்ப்பக்கம் ஆபத்தானது. முன்னால் அகலம், பின்னால் ஒல்லி என்று போட்டுவிட்டு, வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வால் வெளியே வீசுகிறது என்றால் அன்றே கழற்றிவிடுங்கள். ஆடி ஆர்எஸ்3-இல் முன் டயர் அகலமாகக் கிடைத்ததே என்று கேட்கலாம். அந்தக் காரின் பாரமான மூக்குக்காகத் தொழிற்சாலையே சஸ்பென்ஷனோடு சேர்த்து அமைத்தது அது.

பின்பக்கம் கொஞ்சம் தாமதமாகப் பின்தொடர்வது போல, சதசதவென்று இருந்தால் ரிம் அகலத்தைப் பாருங்கள். 255/35 ஆர்18 டயருக்கு ரிம் குறைந்தது 8.5 அங்குலம் வேண்டும். அதை 8 அங்குல ரிம்மில் திணித்தால் பக்கச்சுவர் பிதுங்கி ஆடும். 225/50 ஆர்16-க்கு 6 முதல் 8 அங்குலம் வரை ஏற்கும்.

மாற்றி ஓரிரு நாள்தான் ஆகிறது, வழுக்குவதுபோல இருக்கிறது என்றால் பொறுங்கள். புது டயரின் மேல்பூச்சு முதல் சில நூறு கி.மீ. ஓடித்தான் போகும்.

மழையில் பின்பக்கம் மிதக்கிறது

டயர் அகலமானால் அதே எடை அதிக அகலத்தில் பரவுகிறது, தண்ணீரைப் பிதுக்கித் தள்ளவும் அதிக நேரம் வேண்டும். அதனால் அகலமான டயர் குறைந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும். பின் டயர் அகலமாகவும் தேய்ந்தும் இருந்தால் முன்பக்கம் பிடித்திருக்கும்போதே வால் மிதந்துவிடும், ஓட்டுநருக்கு ஸ்டீயரிங்கில் முன்னறிவிப்பே வராது. இந்தக் காரில் பின் டயரைச் சட்டப்படியான கடைசி 1.6 மி.மீ. வரை ஓட்டாதீர்கள். பாதியிலேயே மாற்றுங்கள்.

ஸ்டீயரிங் நடுக்கம், ஒரு பக்கம் இழுப்பு

இரண்டுக்கும் முன், பின் அளவு வித்தியாசம் அநேகமாகக் காரணம் இல்லை. ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரம், சீட் நடுங்கினால் பின் சக்கரம். பேலன்சிங் பார்த்தும் போகவில்லை என்றால், புது ரிம்மின் நடு ஓட்டை, அது உட்காரும் ஹப்பைவிடப் பெரிசாக இருக்கும்; இடையில் போடும் வளையத்தை விட்டிருப்பார்கள். இழுப்புக்கு, திசை குறியில்லாத டயராக இருந்தால் முன் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பாருங்கள். இழுக்கும் பக்கமும் மாறினால் டயர், மாறாவிட்டால் அலைன்மென்ட். ஒரே அச்சில் இடம் வலம் வேறு அளவு மட்டும் எக்காலத்திலும் வேண்டாம்.

ஹெட்லைட் தாழ்ந்துவிட்டது, வேகமானி பொய் சொல்கிறது

பின் டயர் விட்டம் 22 மி.மீ. கூடினால் பின்பக்கம் 11 மி.மீ. எழும்பும். முன் பின் அச்சுக்கு நடுவே 2,600 மி.மீ. உள்ள காரில், 10 மீட்டர் தூரத்தில் ஹெட்லைட் வெளிச்சம் 4 செ.மீ. கீழே விழும். சுவரில் பார்த்தாலே தெரியும், திருகி ஏற்றிக்கொள்ளலாம். வேகமானி, அது எந்தச் சக்கரத்திலிருந்து படிக்கிறதோ அந்தச் சக்கரத்தைத்தான் நம்பும். அது பெரிசான சக்கரமாக இருந்தால் 100 காட்டும்போது நீங்கள் 103.5-இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

பக்கச்சுவரில் கொப்புளம், ஒழுங்கில்லாத தேய்மானம்

கொப்புளம் வந்தால் சுமை எண்ணைப் பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 88 என்றால் 560. 225/40 ஆர்18 சாதாரண வகையில் 88, கூடுதல் சுமை வகையில் 92. காரின் கதவோரத் தகட்டில் 91 கேட்டிருக்க, கடையில் 88 மாட்டியிருந்தால் முதல் பெரிய பள்ளத்திலேயே உள்ளிருக்கும் நூல் அறுந்து பிதுங்கும். கொப்புளம் வந்த டயரைச் சரிசெய்ய முடியாது.

நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு, உள் ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். இது எல்லாக் காருக்கும் பொது. முன்னும் பின்னும் வேறு அளவு போட்ட காரில் கூடுதல் சிக்கல், முன்னதைப் பின்னால் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த முடியாது என்பது. அதனால் அலைன்மென்ட் தப்பை டயர் மன்னிக்காது. புது டயர் போட்ட வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

பஞ்சர், ஸ்டெப்னி

ஒரு ஸ்டெப்னி இரண்டு அளவுக்கும் பொருந்தாது. முன் அளவு ஸ்டெப்னி இருந்து பின் டயர் பஞ்சரானால், சுற்றளவு வேறுபடும்போது பின் சக்கர இயக்கக் காரில் இடமும் வலமும் வேறு வேகத்தில் சுற்றி டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்யும். 80 கி.மீ. வேகத்துக்குள், பஞ்சர் கடை வரை மட்டும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல் என்றால் இன்னும் மெதுவாக.

நடு ரோட்டில் மாட்டும்வரை காத்திருக்காமல், ஸ்டெப்னியை இன்றைக்கே ஒரு தடவை பின்னால் மாட்டிப் பாருங்கள். பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா, கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறதா? அலாய் ரிம்முக்கான நீளமான போல்ட்டை மெல்லிய இரும்பு ஸ்டெப்னிக்குப் போட்டால் அது ஹப்பைத் தாண்டி உள்ளே நீண்டு பிரேக்கைத் தொடும். அப்படியானால் குட்டை போல்ட் ஒரு செட் வாங்கி, ஸ்டெப்னியோடு ஒரு பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.